மணி புரிந்தான் தமிழரா?

கேள்வி: மலாக்கா பெண்டாஹாரா (முதலமைச்சர்) துன் முத்தாஹிர் தமிழ் வம்சத்தவர் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பொந்தியான்

பதில்: ஒரே நூலில் இரண்டு கதை, அம்மா! மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வின் கதைப்பகுதியில், அவருடைய பாட்டனார் மணி புரிந்தான் ‘கெலிங்’ நாட்டுப் பகாலியிலிருந்து கப்பலேறி வந்த அரசகுமாரர். அந்நூலின் ஷெல்லபேர் பதிப்பு முன்னுரையிலோ, அதே மணி புரிந்தான் வரை தம் வம்சத்தை அடுக்கும் ஜொகூர் பெண்டாஹாரா துன் ஸ்ரீ லானாங், தம் குலம் மலாய் அரசர்களின் தொன்ம மலையான புக்கிட் செகுந்தாங் வழிவந்த மலாய்க்குலம் என்கிறார். பதவியில் இருப்பவருக்கு எந்த வேர் வசதி? அதனால் கதைப்பகுதியையே நான் கூடுதலாக நம்புவேன். ஆனால் ‘கெலிங்’ தென்னிந்தியக் கரையோரத்தாருக்கெல்லாம் வழங்கிய பெயர். தமிழர் என்று அடித்துச் சொல்ல அது போதாது. வேர் எதுவானாலும், துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா பெற்ற பிள்ளைதான் உங்கள் ஜொகூரின் முதல் சுல்தான்.