நீருக்கடியில் ஒரு தலைநகர்

நுழையும்முன்

பண்டை ஊர்கள் ஆற்றங்கரைகளில் தோன்றின. அணைகளும் ஆற்றின் குறுக்கேதான் எழுகின்றன. ஆகவே, பெரிய நீர்த்தேக்கம் ஒன்று நிரம்பும்போது பழைய ஊர் ஒன்று மறைவது தற்செயல் அன்று. கிருட்டிணை ஆற்று நீரில் மூழ்கிய ஒரு தலைநகரைப் பற்றியும், அதிலிருந்து மீட்கப்பட்டவை பற்றியும் இப்பாடம் பேசுகிறது.

மலைசூழ் பள்ளத்தாக்கு

ஆந்திர மாநிலத்தின் மாசர்லாவுக்கு அருகே, மலைகள் சூழ, ஒருபுறம் கிருட்டிணை ஆறு ஓட, நடுவே பரந்த பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. அங்குத் தனித்து உயர்ந்து நின்ற மலையே நாகார்ச்சுனகொண்டா. தெலுங்கில் ‘கொண்ட’ என்றால் மலை. அது நம் ‘குன்று’ என்னும் சொல்லுக்கு உறவுடையது. சாதவாகனர்களுக்குப் பின் கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியை ஆண்ட இட்சுவாகு மரபினரின் தலைநகரான விசயபுரி இப்பள்ளத்தாக்கில்தான் இருந்தது.

அந்நகரில் அரசர்கள் வேள்வி செய்தனர். அரச குடும்பத்துப் பெண்களோ பௌத்தப் பள்ளிகளுக்கு வாரி வழங்கினர். மகாசைத்தியம் எனப்பட்ட பெரிய தூபியின் பணியை நிறைவேற்றியவர் மன்னர் சாந்தமூலனின் உடன்பிறந்தாளான சாந்திசிரி என்பதைப் பிராகிருதக் கல்வெட்டுகள் கூறுகின்றன. போதிசிரி என்னும் உபாசிகையின் கல்வெட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. தூங்கானை வடிவில் அமைந்த வழிபாட்டிடம் ஒன்றில் கிடைத்த அக்கல்வெட்டு, தம்பபண்ணி எனப்பட்ட இலங்கையின் தேரர்களைப் போற்றுகிறது. அவர்களுடைய அறம் பரவிய நாடுகளாகக் காசுமீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி முதலியவற்றை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் தமிழ்நாடும் ‘தமிள’ என இடம்பெறுகிறது. கடல் கடந்த நாடுகளையும் அறிந்திருந்த நகரம் அது.

கண்டறிதலும் அகழ்தலும்

நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இவ்விடத்தை 1926இல் சென்னையில் இருந்த கல்வெட்டுத்துறை அலுவலகத்தைச் சேர்ந்த அரங்கசாமி சரசுவதி கண்டறிந்தார். அடுத்த ஆண்டு முதல் லாங்கர்ஸ்ட் அகழாய்வு செய்தார், பின்னர் டி.என். இராமச்சந்திரன் தொடர்ந்தார். அவர்கள் தோண்டியது பள்ளத்தாக்கின் சில பகுதிகளை மட்டுமே. எஞ்சியவற்றைப் பிற்காலத்தார் பார்த்துக்கொள்வர் என்னும் நம்பிக்கை தொல்லியலில் வழக்கமானதுதான். அணைத்திட்டம் அந்நம்பிக்கைக்கு நாள் குறித்துவிட்டது.

நாகார்ச்சுனசாகர் அணைக்கு 1955 திசம்பரில் நேரு அடிக்கல் நாட்டினார். வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதே அதன் நோக்கம். மழையை மட்டுமே நம்பி வாழ்ந்த உழவர்களுக்கு அந்நீர் வாழ்வாதாரம்; அதனை வேண்டாம் என்று யாரும் கூறவியலாது. எனவே, வேறு வழி தேடப்பட்டது. நடுவண் தொல்லியல் துறை ஆர். சுப்பிரமணியம் பொறுப்பில் 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கு முழுவதையும் ஆராய்ந்தது. பழைய கற்காலக் கருவிகள், புதிய கற்கால மாந்தரின் குழிகள், பெருங்கற்காலச் சவக்குழிகள், இட்சுவாகு காலத்து அரண், படித்துறைகள், குளங்கள், கோயில்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் வெளிப்பட்டன. நாற்புறமும் படிவரிசைகள் அமைந்த ஆடரங்கு ஒன்றும் கிடைத்தது. இந்தியாவில் இத்தகைய அமைப்பு மிக அரிது.

அணை எழாதிருந்தால் இவ்வளவு முழுமையான அகழாய்வு ஆறே ஆண்டுகளில் நடந்திருக்குமா என்பது ஐயமே. மூழ்கடிக்க வந்த திட்டமே முழுமையாகத் தோண்டவும் வைத்தது.

இடம்பெயர்ந்த கட்டடங்கள்

பின்னர்க் கட்டடங்களைக் காக்கும் பணி தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது கட்டடங்கள் பிரிக்கப்பட்டு, நீர் எட்டாத உயரத்தில் மலைமீது மீண்டும் எழுப்பப்பட்டன. வேறு பலவற்றுக்குச் சிறிய மாதிரிகள் செய்து வைக்கப்பட்டன. ஆடரங்கு கரையில் உள்ள அனுபு என்னுமிடத்தில் மறுபடி அமைக்கப்பட்டது. 1967இல் கால்வாய்களில் நீர் பாய்ந்தது. பள்ளத்தாக்கின் நடுவே நின்ற மலை தீவாயிற்று. அருங்காட்சியகத்தையும் அக்கட்டடங்களையும் காண இன்று படகில்தான் செல்ல வேண்டும்.

கட்டடத்தைப் பெயர்க்கலாம், அது நின்ற மண்ணைப் பெயர்க்க இயலாது. தொல்லியலார்க்கு ஒரு பானையோடு அது கிடந்த மண்ணடுக்கும் சான்று. எந்த அடுக்கின் மேல் எது இருந்தது, தெருவிலிருந்து கோயில் எவ்வளவு தொலைவு, படித்துறை எத்திசை நோக்கியது என்பனவெல்லாம் இடத்தோடு பிணைந்தவை. அவை இப்போது வரைபடங்களிலும் அகழாய்வு அறிக்கைகளிலும் மட்டுமே உள்ளன. பிற்காலத்தில் புதிய ஆய்வுமுறை ஒன்று வந்தாலும் அங்கு மீண்டும் சென்று சரிபார்க்க முடியாது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஊர்மக்களும் இடம்பெயர்ந்தனர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். தூண்களுக்கு எண்ணிட்டு எடுத்துச் சென்றதைப் போல ஓர் ஊரின் வாழ்க்கையை எடுத்துச் செல்ல இயலாது.

> தெரியுமா?
> எகிப்தில் அசுவான் உயர் அணை கட்டப்பட்டபோது, அபு சிம்பெல் கோயில்களைக் காக்க 1960இல் யுனெசுகோ உலக நாடுகளின் உதவியை நாடியது. பாறையில் குடையப்பட்ட அக்கோயில்கள் துண்டுகளாக அறுக்கப்பட்டு, 1964 முதல் 1968 வரை நடந்த பணியில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. நீரில் மூழ்கவிருந்த நூபியாப் பகுதியில் அகழாய்வு செய்ய, பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் குழு ஒன்றும் சென்றது.

கரைக்கும் நீருக்கும் இடையே

கிருட்டிணை ஆற்றிலேயே பின்னர் ஸ்ரீசைலம் அணை எழுந்தபோது, கூடவெல்லி சங்கமேசுவரர் கோயில் பிரிக்கப்பட்டு ஆலம்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. எல்லாக் கட்டடங்களுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளித்தோன்றும். பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் டணாயக்கன் கோட்டைக் கோயில் கோடையில் தலைகாட்டும்.

மக்கள் ஆவலோடு அவற்றைக் காணச் செல்கின்றனர். செய்தித்தாள்களும் படம் வெளியிடுகின்றன. ஆனால், அவ்வாறு வெளித்தோன்றுவதே அக்கட்டடங்களுக்குக் கேடு. ஆழத்தில் வண்டல் மூடிக் கிடப்பவை ஓரளவு நிலைத்திருக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில் உள்ளவையோ ஆண்டுதோறும் நனைந்து காய்கின்றன. சாந்து கரைகிறது, உப்புப் படிந்து கல்லின் மேற்பரப்பு உதிர்கிறது, அலைகள் அடித்தளத்து மண்ணை அரிக்கின்றன. நீர் வற்றும் அச்சில வாரங்களே இவற்றை அளந்து, படமெடுத்து, கல்வெட்டுகளைப் படியெடுக்கக் கிடைக்கும் காலம். அடுத்த மழையில் ஆறு பெருகியதும் அவை மீண்டும் நீருக்குள் சென்றுவிடும்.

கற்பவை கற்றபின்

உங்கள் மாவட்டத்தில் உள்ள அணை அல்லது ஏரியின் நீர்ப்பரப்பில் மறைந்த ஊர், கோயில், நடுகல் ஆகியவை பற்றி அப்பகுதி முதியவர்களிடம் கேட்டு எழுதுக. அவர்கள் கூறும் ஊர்ப்பெயர்கள் பழைய நிலவரைபடத்தில் உள்ளனவா என ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.