கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியவை



படூரிலும் சுற்றுப்புறத்திலும் பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டர்தான் துணை. அதில் புதிதாக வைஃபை கார்டோ சவுண்ட் கார்டோ செருகியதும் சில நேரம் மவுஸ் நகராமல் நிற்கும். ஒலி விட்டுவிட்டு வரும். உடனே "மதர்போர்டு போய்விட்டது" என்று முடிவுகட்டிப் பணத்தைச் செலவழிக்கிறோம். அதற்கு முன் ‘குறுக்கீட்டு மோதல்’ என்ற கோளாறு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கீபோர்டு, மவுஸ், டிஸ்க் ஒவ்வொன்றும் தனக்கு வேலை வந்ததும் பிராசஸரை மணி அடித்துக் கூப்பிடுகிறது. இதுவே குறுக்கீடு, அதாவது இன்டரப்ட். ஒவ்வொரு மணிக்கும் ஓர் எண் உண்டு, அதை ஐ.ஆர்.க்யூ. என்பார்கள். 1981-இல் வந்த ஐ.பி.எம். பிசியில் 8 மணிகள்; 1984-இல் வந்த ஏ.டி. மாடலில் 16. அவற்றில் 1 கீபோர்டுக்கு உரியது. காம்1, காம்3 என்ற இரண்டு போர்ட்டுகளுக்கும் 4 என்ற ஒரே எண். அதனால் காம்1-இல் மவுஸும் காம்3-இல் மோடமும் இருந்தால், இணையத்துக்கு டயல் செய்ததும் மவுஸ் நின்றுவிடும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல், ஆனால் ஒரே காலிங் பெல் என்று வைத்துக்கொள்வோம். மணி கேட்டதும் ஒரு வாசலை மட்டும் பார்த்துத் திரும்பினால், மற்ற வாசலில் நிற்பவர் காத்தே கிடப்பார். இரண்டையும் பார்த்து வந்தால் சிக்கல் இல்லை. பின்னால் வந்த பி.சி.ஐ. கார்டுகள் இப்படித்தான் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, எண் ஒன்றாக இருப்பது மட்டுமே கோளாறு ஆகாது. ஒரு கார்டின் டிரைவர் தன் வாசலைச் சரியாகப் பார்க்காதபோதுதான் தொல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. பிள்ளைகளின் பாடங்களையும் முக்கிய ஆவணங்களையும் முதலில் பென்டிரைவில் நகல் எடுங்கள்.

2. டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதை இருமுறை கிளிக் செய்தால் கோடு எண் தெரியும். 12 என்றால் அந்தக் கருவிக்கு வேண்டிய இடம் கிடைக்கவில்லை, மோதல் இருக்கலாம். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை, அவ்வளவுதான்.

3. அங்கேயே ‘வியூ’ மெனுவில் ‘ரிசோர்சஸ் பை டைப்’ தேர்ந்தெடுத்தால் எந்த எண் எந்தக் கருவிக்கு என்ற பட்டியல் வரும். குறித்துக்கொள்ளுங்கள்.

4. கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கடைசியாகச் செருகிய கார்டை எடுத்துவிடுங்கள். கோளாறு நின்றால் அதே கார்டை வேறு ஸ்லாட்டில் செருகிப் பாருங்கள். பல போர்டுகளில் ஸ்லாட் மாறினால் எண்ணும் மாறும்.

5. பயன்படுத்தாத சீரியல், பேரலல் போர்ட்டுகளை பயாஸில் அணைத்துவிட்டால் அந்த எண்கள் விடுபடும்.

6. கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

கார்டை எடுத்த பிறகும் உறைகிறதா? அப்படியானால் விசிறியில் தூசி, சூடு, ரேம் ஆகியவை காரணமாக இருக்கலாம். அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள். எதையெல்லாம் சோதித்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள்; தேவையற்ற பாகத்தை மாற்றும் செலவு குறையும்.

பழைய கம்ப்யூட்டரை ஏழைப் பிள்ளைக்கு ஸதகாவாகத் தருபவர்களும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத் தாருங்கள். பழுதோடு கொடுத்தால் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். நல்ல நிலையில் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், ஒரு பிள்ளையின் படிப்பு தடையின்றி நடக்கும். வீண்விரயத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக. வஸ்ஸலாம்.