பாதுகாப்பது வேறு, பதுக்குவது வேறு

அன்புள்ள கவிதாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. பிரிந்துவிடுவதென்று நீ முடிவெடுத்ததை அம்மா சொன்னாள். அந்த முடிவைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால், "நகையும் வேண்டாம், வீடும் வேண்டாம், நிம்மதியாக விட்டால் போதும்" என்று நீ சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அலுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டதைப் பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு, கண்ணு. உன் மகளுக்கும் அதில் வாழ்க்கை இருக்கிறது.

முதலில் நகை. பிறந்த வீட்டாரோ புகுந்த வீட்டாரோ, கல்யாணத்துக்கு முன்போ பின்போ, உனக்கென்று போட்டதெல்லாம் சீதனம்; அது உனக்கு மட்டுமே சொந்தம். பத்திரமாக வைக்க யாரிடம் கொடுத்திருந்தாலும் அது அவர்களுடையது ஆகாது. கேரளப் பெண் ஒருவருக்கு 2003-இல் கல்யாணம். அவருடைய 89 பவுனையும் புகுந்த வீட்டார் வாங்கிக் கடனை அடைத்துவிட்டதாக வழக்கு. அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயம் கிடைத்தது, ஆனால் எவ்வளவு காலம் கழித்து! உனக்கு அப்படி இழுக்காமல் இருக்க, இன்றே பட்டியல் போடு. நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், வீடியோ, மொய் நோட்டில் எழுதிய மோதிரம், செயின் வரை எல்லாவற்றையும் பார்த்து, எது யார் போட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று எழுது.

அடுத்து வீடு. விவாகரத்து ஆனதும் ஆளுக்குப் பாதி என்று தானாகப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் நமக்கு இல்லை. பத்திரத்தில் யார் பெயர், பணம் யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் நீ கட்டிய முன்பணம், தவணை எல்லாவற்றுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வை. பிள்ளைக்காக வேலையை விட்ட வருஷங்களையும் வக்கீலிடம் மறக்காமல் சொல். குடும்பத்தைக் கவனித்த மனைவியின் உழைப்பும் கணவர் வாங்கிய சொத்துக்கான பங்களிப்புதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உன் வழக்குக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று வக்கீல் பார்க்கட்டும்.

வீட்டின் மேல் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார். விடுதலைப் பத்திரம், பவர் பத்திரம், வெற்று செக் எதிலும் வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று யார் சொன்னாலும் சரி. வீட்டுக் கடனில் நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். விவாகரத்து ஆனாலும் பேங்க் உன்னை விடாது. மீதிக் கடனை யார் கட்டுவது என்பது சமரசப் பத்திரத்தில் வந்தால் மட்டும் போதாது. கடனிலிருந்து உன் பெயரை நீக்கியதாக பேங்க்கும் எழுதித் தரவேண்டும்.

டெபாசிட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடு என்று யாரோ யோசனை சொன்னார்களாம். வேண்டவே வேண்டாம். ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. நீ ஒன்றை மறைத்தது தெரிந்தால், நீ சொல்லும் உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். உன் கணவர் மறைத்ததைக் கேட்கும் துணிவும் உனக்கு இருக்காது. உன்னுடையதை ஒரு குண்டுமணிகூட விடாதே. அவருடையதில் ஒரு குண்டுமணிகூட எடுக்காதே.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதே. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். இருவரும் உட்கார்ந்து பட்டியலை எழுதி முடிப்போம். பில், பத்திரம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை என்னிடம் கொடுத்து வை.

அன்புடன்,
பெரியம்மா