பதினான்கு கிணறுகள்

கரவெட்டி,
ஆவணி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நீ தந்துவிட்ட உயர் பட்டப்படிப்புக் கையேட்டை நேற்றிரவு இருந்து முழுதாக வாசித்து முடித்தேன். கொப்பா போன வாரம் எடுத்துப் பேசும்போது, "அண்ணை, பிள்ளை அந்த விதிமுறையளைப் பார்த்துக் களைச்சுப்போனாள், நீங்கள் ஒருக்கா எழுதுங்கோ" என்றார். நீயும் உன் கடிதத்தில் கேட்டிருந்தாய்: ஆராய்ச்சி செய்ய வந்தேனா, படிவம் நிரப்ப வந்தேனா என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஏனென்றால் நான் ஆராய்ச்சியைச் செய்தவன், படிவத்தை நிரப்பாமல் விட்டவன்.

இதை உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கொம்மாவுக்கும் பாதிதான் தெரியும். 1984இல் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். தலைப்பு ஏறக்குறைய உன்னுடையதேதான்: வலிகாமத்துக் கிணறுகளில் நீர்மட்டமும் உவர்த்தன்மையும். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், புத்தூர் என்று 14 கிணறுகள் தெரிந்தெடுத்தேன். ஒன்றுவிட்ட சனிக்கிழமை சைக்கிளில் புறப்படுவேன். அளவு நாடாவின் நுனியில் ஈயக்குண்டு கட்டி இறக்கி நீர்மட்டம் பார்ப்பது, போத்தலில் தண்ணீர் எடுப்பது, மிசின் இறைப்பு நடந்ததா, எத்தனை மணித்தியாலம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுவது. இப்படி இரண்டு வருடம். ஆறு சீ.ஆர். கொப்பிகள் நிரம்பின.

என் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். இடையில் அவர் ஒரு வருட விடுமுறையில் வெளிநாடு போனார். "நீர் எழுதிக்கொண்டிரும், வந்து பார்க்கிறன்" என்றார். அந்த வாய்ச்சொல்லை நான் கடிதமாக்கவில்லை. துறையிலிருந்து முன்னேற்ற அறிக்கைப் படிவம் இரண்டு தரம் வந்தது. சேர் வந்தபிறகு சேர்த்து அனுப்பலாம் என்று மேசைக்குள் வைத்தேன். மூன்றாவதாக வந்தது படிவம் அல்ல, பதிவு காலாவதியாகிவிட்டது என்ற அறிவித்தல். மேன்முறையீடு செய்ய வழி இருந்தது. ஆனால் அப்போது நாடு இருந்த நிலையில் பயணம் செய்து அலைய மனம் வரவில்லை. கொப்பிகளை றங்குப்பெட்டிக்குள் வைத்து கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பிறகு எழுதலாம் என்று நினைத்தேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கிவர, வலிகாமமே எழும்பி நடந்தது. மழை. அப்பாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு செம்மணி வழியாக வந்தோம். கொப்பிகளை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை, றங்குப்பெட்டியும் இல்லை.

இதை உனக்கு இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. உன் கையேட்டின் கடைசிப் பகுதியில், ஆய்வேட்டின் பிரதிகளை எங்கெங்கே ஒப்படைக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அதை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு இறுகியது. நான் ஒழுங்காகப் படிவங்களை அனுப்பி, ஆய்வேட்டை முடித்துக் கொடுத்திருந்தால், அந்த 14 கிணறுகளின் கணக்கு தெற்கில் ஒரு நூலகத்து அலுமாரியில் இன்றைக்கும் இருந்திருக்கும். எங்கள் வீடு போனாலும் அது போயிராது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. கடையில் வாங்கக்கூடியவற்றைத் திரும்ப வாங்கினார்கள், வெளியூர்க்காரர் அனுப்பினார்கள். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகள்தான் இன்றுவரை வரவில்லை. இந்த மண்ணில் பிறந்த நீ, பிரதி ஒப்படைக்கும் விதியை அலுவலகத் தொல்லை என்று நினைக்கக்கூடாது, மகள்.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பது உனக்கே தெரியும். வற்றாத ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் மாரிமழை இறங்கி, உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் உண்டு. மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் ஏறக்குறைய அந்த 40 அடிக்கும் ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்த்தண்ணீரும் இருப்பதைச் சின்னப்பிள்ளையில் உனக்குக் காட்டினேனே, அதுதான் முழுக் குடாநாட்டின் கதையும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுவரும் திட்டத்தை எழுதி வைத்தார். எழுதி வைத்ததால்தான் இன்றும் அதைப்பற்றிப் பேசுகிறோம். 1985இல் நீர்வேலிக் கிணறு எவ்வளவு உவர்ப்பாக இருந்தது என்று நீ இன்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. "நல்ல தண்ணிதான்" என்று சொல்லலாம். அது ஆராய்ச்சி அல்ல.

சரி, இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ முழுநேர முதுதத்துவமாணிக்குப் பதிந்திருக்கிறாய். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் அது 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். முன்னதற்குக் குறைந்தது இரண்டு வருடம், பின்னதற்கு மூன்று வருடம் முழுநேரம் வேண்டும். அதே சட்டகம் பாடங்களுக்கு ஒரு கிரெடிட்டை 50 மணித்தியால உழைப்பு என்று கணிக்கிறது, ஆராய்ச்சிக்கு 100 மணித்தியாலம் என்று. ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். இதைப் பெருக்கிப் பார். பெருக்கிப் பார்த்த பிறகு, நீ போதனாசிரியராகக் கிழமையில் எத்தனை நாள் ஆய்வுகூட வகுப்பு எடுக்கிறாய் என்பதையும் பக்கத்தில் எழுது. முழுநேரம் என்று கையெழுத்திட்டுவிட்டு அரைநேரம் வேலை செய்தால் இழப்பு துறைக்கு அல்ல, உனக்கு. கற்பித்தல் மணித்தியாலம் எவ்வளவு என்று நியமனக் கடிதத்தில் இல்லையென்றால், துறைத்தலைவரிடம் பணிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கு. கேட்பது மரியாதைக்குறைவு என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கெட்டேன்.

முன்னேற்ற அறிக்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். வேலை நன்றாக நடக்கிறபோது அறிக்கை எழுதுவது சுலபம். ஒன்றும் நடக்காத ஆறு மாதம் வரும். கருவி பழுதாகும், மழை பிந்தும், நீ சுகயீனமாவாய். அந்த ஆறு மாதத்துக்குத்தான் அறிக்கை மிக அவசியம். "இந்தக் காலத்தில் இன்ன காரணத்தால் அளவீடு நடக்கவில்லை" என்று இரண்டு வரி எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு கோவைக்குள் போனால், பின்னர் காலநீடிப்புக் கேட்கும்போது அந்த இரண்டு வரிதான் உனக்காகப் பேசும். வெட்கப்பட்டு ஒளித்தால் கோவையில் வெறும் இடைவெளிதான் இருக்கும். அந்த இடைவெளிக்கு மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்லிக்கொள்வார்கள். உன் கடதாசி கிளிநொச்சியில் உன் துறையிலிருந்து பீடச்சபைக்குப் போய், அங்கிருந்து திருநெல்வேலியிலுள்ள பிரதான வளாகத்துக்குப் போய், மூதவை வரை ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் உன்னைக் கண்டிராத மனிதர் அதை வாசிப்பார். அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல, அவருக்கு முன்னால் என்ன கடதாசி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

மேற்பார்வையாளரோடு ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றைக்கே, என்ன பேசினோம், அடுத்து என்ன செய்வேன் என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பு. அவர் மாறினால், விடுமுறையில் போனால், இணை மேற்பார்வையாளர் யார் என்பதை அவர் விமானம் ஏறமுன் எழுத்தில் தீர்த்துக்கொள்.

எங்கள் ஊர் மனிதர் ஒருவரை நினைத்துக்கொள். பேராசிரியர் அழகையா துரைராசா, கம்பர்மலையில் பிறந்தவர், ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர். பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் சைக்கிளில் வளாகத்துக்குப் போனவர். சனங்கள் அந்தச் சைக்கிளைத்தான் சொல்வார்கள். எனக்கு அவருடைய கேம்பிரிட்ஜ் நாட்கள்தான் பெரிதாகத் தெரியும். அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவனாக, களிமண்ணையும் மணலையும் அழுத்தி முறித்து அளந்த பெறுமானங்களைக் கொண்டு, மண் உருக்குலையும்போது எவ்வளவு சக்தி உராய்வில் போகிறது என்று கணித்தார். சிக்கலாக வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய விடை, அழுத்தத்தையும் உருமாற்றத்தையும் ஒரே ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைத்துவிடும் அளவுக்கு எளிமையாக வந்தது. மண்பொறியியலில் நீ படித்த 'கேம் களி' மாதிரியின் அடித்தளத்தில் அந்தக் கணிப்பு இருக்கிறது. 1963இல் 'ஜியோடெக்னிக்' சஞ்சிகையில் வந்த கட்டுரையில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா என்று மூன்று பெயர்கள். ஸ்கோஃபீல்ட் தன் பிற்கால நூலிலும் துரைராசாவின் பங்கைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.

அந்த மூன்றாவது பெயரைப் பார். அளந்த மாணவனின் பெயர் அங்கே இருக்கிறது. உன் முதற் கட்டுரைக்கு முன்னரே, யாருடைய பெயர் எந்த வரிசையில் வரும் என்று மேற்பார்வையாளரோடு பேசி முடிவெடு. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். அதேபோல, உனக்கு மாதிரி எடுக்க உதவும் கடைசி வருடப் பிள்ளைகளின் பெயரையும் நீ விழுங்கிவிடாதே.

எழுத்துக்களவு பற்றி உனக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மென்பொருள் காட்டும் வீதம் குறைந்தால் போதும் என்று சொல்லை மாற்றி மாற்றி எழுதும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. கருத்து யாருடையது என்பதுதான் கேள்வி, சொல் அல்ல. சாட்ஜிபிடி போன்றவற்றை எதற்குப் பாவிக்கலாம், எதற்குக் கூடாது என்று உன் பீடத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்.

கையேட்டில் இல்லாத, இருந்தாலும் ஒரு வரியில் முடிந்துவிடும் விதி ஒன்று உண்டு. கிணற்றுக்காரரின் சம்மதம். நான் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக் கிணற்றுக்குப் போனால், அந்த வீட்டு அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு ஒவ்வொரு முறையும் கேட்பா: "தம்பி, எங்கட தண்ணி குடிக்கலாமோ?" நான் சிரித்துவிட்டு, "முடிவு வந்ததும் சொல்லுறன் அம்மா" என்பேன். இரண்டு வருடத்தில் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த அம்மா இப்போது இல்லை. நீ நைத்திரேற்றும் அளக்கப்போகிறாய். உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே வந்த கிணற்று வீட்டில் போத்தல்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், ஆய்வேடு முடியட்டும் என்று நீ காத்திருக்கமுடியாது. முடிவை வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது, வெளியில் அவர்கள் பெயர் வராமல் எப்படிக் காப்பது என்று முதலே எழுதி, ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி எடு. கிணற்றுக்கு இலக்கம் போடு, பெயர் போடாதே.

இன்னொன்று. பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நடக்கும் வேறு வன்முறைகளையும் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் புதுமுக மாணவருக்கு மட்டும் உரியதல்ல. எவராக இருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், உன் மனதுக்கு ஒவ்வாத விதமாக நடந்தால் திகதி போட்டு எழுதிவை, எனக்குச் சொல்லு. பட்டம் போனாலும் பரவாயில்லை, நான் உன் பக்கம் நிற்பேன்.

உன் அளவீட்டுக் கொப்பியில் பேனையால் எழுது. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டு, கீழே இருப்பது தெரியவேண்டும். அன்றைக்கே படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமி. ஒன்று கிளிநொச்சியில் இருக்கட்டும், மற்றது கிளிநொச்சியில் இருக்கவேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை அறிவியல்நகரிலிருந்து புறப்பட்டுக் கொடிகாமத்தில் இறங்கி நெல்லியடி பஸ் எடுத்து வா. உன்னுடைய மின்கடத்துதிறன் மானியையும் கொண்டு வா. பெரியம்மா ஒடியற்கூழ் காய்ச்சுவதாகச் சொல்கிறா. ஞாயிறு காலையில் வலிகாமம் போவோம். அந்த 14 வீடுகளில் 11 வீட்டுக்கு எனக்கு இப்போதும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். இரண்டு கிணறுகளை மூடிவிட்டார்கள் என்று கேள்வி. மற்ற ஒன்று உரும்பிராயில், ஒழுங்கைக்குள் பூவரச மரத்தடியில் இருந்தது. ஆரையாவது விசாரித்துப் பார்ப்போம். மாரி தொடங்கமுன் ஒருதரம் அளந்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா