சத்தத்தை நம்பித் துப்பாக்கி வாங்கலாமா?

அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சிக் கூடங்களின் அறிமுக வகுப்புக்கு வருகிறவர்களில் பலர், பாடம் தொடங்கும் முன்பே துப்பாக்கியை வாங்கி முடித்திருப்பார்கள். ஒருவர் சினிமாவில் பார்த்த மாடலை வாங்கியிருப்பார். இன்னொருவர் தலையில் மாமனார் தன் பழைய வேட்டைத் துப்பாக்கியைக் கட்டியிருப்பார். மூன்றாமவருக்கு, 'உன் கைக்கு அடக்கமாக இருக்கும்' என்று கணவர் ஒரு குட்டி ரிவால்வரைப் பரிசளித்திருப்பார். சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெருந்தொற்று ஆண்டான 2020-ல், துப்பாக்கி விற்பனைக்காக எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைகள் சுமார் 3.97 கோடியைத் தொட்டன. 1998-ல் அந்த முறை தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத உச்சம் அது. பயம் வந்தால் மனிதர்கள் கடைக்கு ஓடுவார்கள். ஓடுகிற வேகத்தில் யாரும் யோசிப்பதில்லை.

முதலில் சட்டம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டரசுச் சட்டம் இடம் தருவதில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் மாறும். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். டெக்சஸில் அப்படி ஏதும் கிடையாது.

வீட்டுப் பாதுகாப்புக்கென்று கடைக்காரர் எடுத்து வைப்பவை நான்கு: பிஸ்டல், ரிவால்வர், ஷாட்கன், ரைபிள். இவற்றில் பிஸ்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளாக் 19 போன்ற நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல் 15 தோட்டாக்கள் கொள்ளும், உதிரி பாகங்கள் எங்கும் கிடைக்கும், பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் கைகாட்டுவதும் அதைத்தான். ஏ.ஆர்-15 வகை ரைபிளைத் தோளில் அழுத்திப் பிடித்தால் புதியவர் கையிலும் குறி நிற்கும், உதைப்பும் குறைவு. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் போன்ற மாநிலங்களில் அதற்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. நான்கு சுவர்களுக்குள் வெடித்தால் காதும் தாங்காது.

சிக்கல் ஷாட்கனில்தான். அமெரிக்காவில் தந்தை மகனுக்கும், மாமனார் மருமகனுக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வது 12 கேஜ் பம்ப் ஷாட்கனை. இந்த விஷயத்தில் ஒரு துணை அதிபரே மாமனார் வேலை பார்த்தார். 2013 பிப்ரவரியில் இணையவழிக் கேள்வி பதில் ஒன்றில் பேசிய ஜோ பைடன், வீட்டைக் காக்க இரட்டைக்குழல் ஷாட்கன் வாங்குங்கள் என்றார். ஆபத்து என்றால் பால்கனிக்கு வந்து இரண்டு வேட்டுப் போடும்படி தன் மனைவியிடமும் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். இரட்டைக்குழலில் இரண்டு வேட்டும் போய்விட்டால் கையில் மிஞ்சுவது தடி. பல ஊர்களில் வானத்தை நோக்கிச் சுடுவதே குற்றம். அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் ஒருவர், காரைக் குடைய வந்தவர்களை விரட்ட ஷாட்கனால் சுட்டு வழக்கில் மாட்டினார். பைடன் சொன்னதைத்தான் செய்தேன் என்பது அவர் வாதம்.

ஷாட்கனைச் சுற்றி மூன்று நம்பிக்கைகள் உலவுகின்றன. பம்பை இழுக்கும் 'சக்-சக்' ஓசையிலேயே திருடன் ஓடிவிடுவான் என்பது முதலாவது. ஓடலாம், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்து அந்தப் பக்கமே சுடவும் செய்யலாம்.

குறி பார்க்கவே வேண்டாம், ரவைகள் விரிந்து அறையையே நிரப்பும் என்பது இரண்டாவது. வரவேற்பறையின் ஐந்தாறு மீட்டர் தூரத்தில் 'பக்‌ஷாட்' ரவைகள் விரித்த கையளவைத் தாண்டி விரிவதில்லை. குறி தவறினால் தோட்டாவில் உள்ள ஒன்பது ரவையும் சேர்ந்தே தவறும். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் அல்ல, ஜிப்சம் பலகை. தவறிய ரவை அதைத் துளைத்துக்கொண்டு குழந்தை தூங்கும் அறைக்கே போய்விடும்.

மூன்றாவது, யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்பது. பம்பைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்து, முழுதாக முன்னே தள்ள வேண்டும். பதற்றத்தில் பாதி இழுத்தால் வெற்றுக்கூடு வெளியேறாது, அடுத்த தோட்டாவும் ஏறாது. தோளில் பதியும் பின்கட்டையோ வளர்ந்த ஆண்களின் அளவுக்குச் செய்யப்பட்டது. குட்டையான கை உள்ளவருக்குத் தோளில் சரியாக உட்காராது. தோளில் உட்காராத 12 கேஜின் உதையை ஒருமுறை வாங்கியவர் அடுத்த வாரம் பயிற்சிக்கு வரமாட்டார். சைக்கிள் பழக வந்தவரிடம் ராயல் என்ஃபீல்டைக் கொடுத்த கதைதான். ரெமிங்டன் 870, 1950 முதல் ஒரு கோடிக்கு மேல் விற்ற அருமையான துப்பாக்கி. வாத்து வேட்டைக்கு அதை மிஞ்சுவது கடினம். ஷாட்கன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் குழல் சிறுத்த 20 கேஜில், குட்டைப் பின்கட்டை வைத்ததை வாங்கிக்கொள்ளட்டும்.

கணவர் பரிசளித்த குட்டி ரிவால்வரும் இதே ரகம். ஏறத்தாழ 425 கிராம் எடை, ஐந்து தோட்டா, கல்லாய் இறுகிய விசை. எடை குறையக் குறையக் கையில் உதை கூடும். அது தேர்ந்தவர் கைக்கான கருவி.

இதை எழுதுபவரின் ஓட்டு, நாகரிகம் கழித்துக்கட்டிய ஒரு பழசுக்கு: நான்கு அங்குலக் குழல் கொண்ட எஃகு ரிவால்வர், .38 ஸ்பெஷல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 வகையறா. 1899-ல் தொடங்கிய வம்சம். அமெரிக்கப் போலீசின் இடுப்பில் பல பத்தாண்டுகள் தொங்கியது. ஆறே தோட்டாதான் என்று பிஸ்டல்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு கிலோவை நெருங்கும் எடை உதையை விழுங்கிவிடும். மேகசின் கிடையாது, உருளையைத் திறந்தாலே தோட்டா இருப்பதும் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் பூட்டுப் பெட்டகத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டில் மனம் உடைந்திருக்கும் ஒருவர் கைக்கோ, விளையாடும் பிள்ளை கைக்கோ எட்டக் கூடாது.

கை பழகாமல் எந்தக் குழலும் காக்காது. துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் உடம்பில் ஊற வேண்டும்: எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியதே, சுடக்கூடாததை நோக்கிக் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். உதை குறைந்த .22-ல் தொடங்கி, மாதக்கணக்கில் பொறுமையாகப் பழகியவரே தேறுகிறார். சிலருக்கு இது ஒத்தே வராது. விசை அருகே விரல் போனாலே உடம்பு நடுங்கும். அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறுதியான கதவும் வாசல் விளக்கும் நாயும் அவர்களுக்குப் போதும்.

பெரும்பாலான பயிற்சிக் கூடங்களில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கிறது. நாலைந்தைச் சுட்டுப் பாருங்கள், மாமனார் சொன்னதையும் சேர்த்து. அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.