தக்காளி வயலில் தங்கும் தாள்

மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்முள் அரியர். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர்ப் பக்கத்துத் தோட்டங்களில், பாத்திகளின்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கும். அதிலிட்ட துளைகளின் வழியே செடி எழும்பி நிற்கும். உழவர் அதனை மல்ச்சிங் ஷீட் என்பர்.

அது வேண்டாத பொருள் என்று நான் சொல்லமாட்டேன். மழை குறைந்த இராயலசீமையில், ஆழ்துளைக் கிணறு தரும் சிறிதளவு நீரும் ஆவியாகிவிடாமல் காப்பது அத்தாளே, களையும் தலையெடுக்காது. தொல்லை தொடங்குவது அறுவடைக்குப் பின்னர்தான். வெயிலின் புறஊதாக் கதிர்கள் பாலிதீனின் நெடிய மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடத் தாள் நைந்துபோகிறது. கூலி கொடுத்துப் பொறுக்கினாலும், மண்ணில் புதைத்த ஓரங்கள் கிழிந்து தங்கிவிடும். அடுத்த உழவு அவற்றைத் துண்டாக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்பர்.

தோழர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் பாதிப் பரப்பை, அதாவது ஏறத்தாழ 2,020 சதுர மீட்டரை, 25 மைக்ரான் தாளால் மூடினால் எடை 46 கிலோ அளவே. அதில் பத்தில் ஒரு பங்கு வயலில் தங்கி, பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் சதுரங்களாகச் சிதைந்தால், துண்டுகள் 80 லட்சம்! எடையோ ஐந்து கிலோவுக்கும் குறைவு.

தாள் மெலிய மெலிய விலை குறையும், பொறுக்குவது அரிதாகும். சீன நாடு 8 மைக்ரான் தாளை நெடுங்காலம் விரித்து இதனை உணர்ந்தது. 2018 முதல் குறைந்த அளவு 10 மைக்ரான் என விதித்தது. நெதர்லாந்து ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட சோதனையில், பாலிதீன் துகள் மிகுதியாகக் கலந்த இலைச்சருகைத் தின்ற மண்புழுக்களின் வளர்ச்சி குன்றியது, சாவும் கூடியது. வயலில் உள்ள அளவு அதனினும் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் வயலில் சேர்வது ஆண்டுதோறும் கூடுமேயன்றிக் குறையாது.

தாள் விரிக்காத நிலத்துக்கும் வேறு வழி உண்டு. நகரக் குப்பையைச் சரிவரப் பிரிக்காமல் உரமாக்கினால், பைகளின் துணுக்குகள் எருவோடு வயல் புகும். யாத்திரிகர் திரளும் திருப்பதி போன்ற ஊரைச் சூழ்ந்த நிலங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

விடுமுறையில் ஊர் செல்வோர் தம் வயலையே சோதிக்கலாம். ஒரு பிடி மண்ணை உலர்த்திச் சலித்து, உப்பு நன்கு கரைத்த நீரிலிட்டுக் கலக்கித் தெளியவிடுங்கள். பாலிதீன் மிதக்கும். வேர்த்துணுக்கும் மிதக்குமாதலால், காய்ச்சிய ஊசிமுனையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வேர் கருகும், பிளாஸ்டிக் இளகி ஊசியில் ஒட்டும்.