சொந்தக் காரும் வாடகைச் சவாரியும்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களில் இரவு ஷிப்டு முடிந்து வெளிவரும் தொழிலாளி ஊர் திரும்ப வாகனம் தேடுகிறார். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் உள்ள நெசவாளர் சேலைக் கட்டுகளைச் சென்னைக்கு அனுப்ப வண்டி தேடுகிறார். இவ்விரு தேவைகளுக்கும் பல சமயம் கைகொடுப்பது அண்டை வீட்டாரின் சொந்தக் காரே. டி போர்டு வண்டியைவிட வாடகை குறைவு, ஓட்டுபவரும் தெரிந்தவர். ஆயினும், அந்தக் கார் வழியில் விபத்துக்குள்ளானால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சொந்தக் காருக்குரிய பாலிஸியில் உபயோக வரம்பு என்றொரு ஷரத்து உண்டு. வாடகைக்கு ஓட்டுதல், பந்தயம், வேகப் பரிசோதனை முதலியவற்றுக்கு அந்தப் பாலிஸி பொருந்தாது. மாதிரிச் சரக்கும் பயணியின் கைமூட்டையும் நீங்கலாக, வேறு சரக்கு ஏற்றுவதற்கும் அது பொருந்தாது. ஆகவே, ஆளை ஏற்றினால்தான் குற்றம், சேலைக் கட்டையோ காய்கறி மூட்டையையோ ஏற்றினால் குற்றமில்லை என்று எண்ணுவது பிழை. வாடகை வண்டி அதிகம் ஓடுகிறது, ஆபத்தும் அதிகம். அதற்கென்று தனிப் பிரீமியம் உண்டு. அதைச் செலுத்தாதவர் அந்தப் பாதுகாப்பைக் கோரும்போதுதான் தகராறு எழுகிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். அங்கத்தினர் ஒருவர், கடன் பெற்று வாங்கிய காரில் கூலி பேசி நான்கு தொழிலாளரை ஏற்றிக்கொண்டு கொல்கத்தா நெடுஞ்சாலையில் வருகிறார். கார் சைக்கிளில் சென்ற ஒருவர்மீது மோதி, மரத்தில் முட்டி நொறுங்குகிறது. தலைக்கு இவ்வளவு கொடுத்து ஏறினோம் என்று பயணிகள் போலீஸாரிடம் கூறுகிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த வாக்குமூலத்தையே ஆதாரமாகக் காட்டுகிறது. இங்கே இரண்டு கோரிக்கைகள் உள்ளன. இரண்டுக்கும் விதி ஒன்றல்ல.

முதலாவது, சைக்கிளில் சென்றவரின் கோரிக்கை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியுள்ளது. பெர்மிட் இல்லாத வண்டி வாடகைக்கு ஓடியது என்று கம்பெனி எதிர்வாதம் செய்ய 150-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால், மீறலை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையதே என்று சுப்ரீம் கோர்ட் 2004-ல் தீர்ப்பளித்தது. பெர்மிட் இல்லாத வாகனம் ஒன்றைப் பற்றிய 2018-ம் ஆண்டு வழக்கில், கம்பெனி முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை அக்கோர்ட் உறுதி செய்தது. அடிபட்டவர் குடும்பத்துக்கு இது நியாயமே. உரிமையாளருக்கோ, சில நூறு ரூபாய் சவாரிக்காகப் பல லட்சம் ரூபாய்ப் பொறுப்பு வந்து சேருகிறது.

இரண்டாவது, நொறுங்கிய காருக்கான கோரிக்கை. சொந்த உபயோகத்துக்கு இன்ஷூர் செய்த வண்டி, வாடகைக்கு ஓடியபோது பறிபோன வழக்கில், 75 சதவிகிதம் கொடுக்கும்படி பிறந்த உத்தரவை 2008-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. வாடகைக்கு ஓடி விபத்தில் சேதமுற்ற கார் பற்றிய 2010-ம் ஆண்டு வழக்கில், கோரிக்கையை அடியோடு நிராகரிக்க இயலாது என்று கூறி 2,50,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. எனினும் 75 சதவிகிதம் என்பது உச்சவரம்பே. அதைத் தமக்குரிய நிச்சயப் பணமாக எவரும் கருதலாகாது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் செய்யவேண்டியது யாது? காரணத்தையும் ஷரத்தையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் பதில் கேட்க வேண்டும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மனு எழுதி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பலனில்லையேல், நிராகரிப்புக்குப்பின் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனை அணுகலாம், கட்டணமில்லை. அல்லது இரண்டாண்டுகளுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். கூலிக்கு ஏறியவரை உறவினர் என்று மாற்றிச் சொல்வது மட்டும் கூடாது. அந்தப் பொய் வெளிப்பட்டால், கிடைக்கக்கூடிய பங்கும் கைநழுவும். உண்மையாகவே உறவினரை இலவசமாக ஏற்றிச் சென்றவர் அஞ்சவேண்டியதில்லை, அது வாடகையாகாது.

வருமுன் காப்பதே மேல். தொடர்ந்து சவாரி விடுவோர் காரை வாடகை வாகனமாக மாற்றிப் பதிவு செய்து, பெர்மிட்டும் உரிய பாலிஸியும் பெற வேண்டும். 7,500 கிலோ வரையுள்ள வாடகை வாகனங்களை இலகுரக உரிமம் பெற்றவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்திருப்பதால், தனி உரிமம் வேண்டுமே என்ற தயக்கம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் அத்தீர்ப்பு ஓட்டுபவரின் உரிமம் பற்றியதே. பெர்மிட்டின் அவசியம் அப்படியே உள்ளது.

சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. பத்து நெசவாளர் பத்துக் கார்களில் சிறு சிறு கட்டுகளாக அனுப்புவதைவிட, நாள் குறித்து ஒரே சரக்கு வண்டியைச் சங்கமே அமர்த்தலாம். அமர்த்துமுன் பதிவுப் புத்தகம், பெர்மிட், பாலிஸி மூன்றையும் காரியதரிசி பார்வையிட்டு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்குப் பாரமாகத் தோன்றும் வண்டிச் செலவு, பலர் பகிர்ந்தால் இலேசாகும். கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவேயன்றோ?

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் விவாதிக்க இரு வினாக்கள்: நமது சங்கத்தின் சரக்கு கடந்த மாதம் எவ்வகை வண்டிகளில் சென்றது? அவற்றின் பாலிஸிகளை நம்மில் எவரேனும் படித்துப் பார்த்தோமா?